ஒரு போல்ட்டுக்கும் வரி, ஒரு பட்டனுக்கும் விதி... ஐரோப்பிய இயந்திர ஆலைகள் ஏன் திணறுகின்றன?

உங்கள் போன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்துகளுக்கு நடுவே 'சி.ஈ.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் இருக்கும். 'இந்தப் பொருள் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது' என்று தயாரிப்பாளர் கொடுக்கும் உறுதிமொழி அது. ஐரோப்பாவில் விற்க வேண்டுமென்றால் பனியன் துணி பின்னும் இயந்திரத்துக்கும், பாக்கெட்டில் மாவு அடைக்கும் இயந்திரத்துக்கும், மரம் அறுக்கும் இயந்திரத்துக்கும் அதே முத்திரை வேண்டும்.

அந்த இரண்டு எழுத்துகளை ஒட்டுவதற்குப் பின்னால் எவ்வளவு வேலை, எவ்வளவு செலவு? அந்தச் செலவைத் தாங்கிக்கொண்டு சீன இயந்திரங்களோடு விலையில் மோத முடியுமா? ஐரோப்பாவின் தொழில் நகரங்களில் இன்று சூடாக ஓடிக்கொண்டிருக்கும் விவாதம் இதுதான். அதன் அதிர்வு திருப்பூர், கோவை வரைக்கும் வருகிறது.

கிராமத்துக்கு ஒரு ஆலை!

இயந்திரத் தயாரிப்பு என்றதும் ராட்சத கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும். ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே இந்தத் துறையில் சுமார் 10 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். ஃப்ராங்ஃபர்ட்டில் இருக்கும் வி.டி.எம்.ஏ. என்ற இயந்திரத் தயாரிப்பாளர் சங்கத்தில் 3,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உறுப்பினர்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நடுத்தர நிறுவனங்கள். தாத்தா தொடங்கி, அப்பா வளர்த்து, பேரன் பேத்திகள் நடத்துபவை. இவற்றை ஜெர்மனியில் 'மிட்டல்ஷ்டாண்ட்' என்கிறார்கள்.

இந்த ஆலைகள் பெருநகரங்களில் மட்டும் இல்லை. சின்னச் சின்ன ஊர்களில், சில நூறு பேருக்கு வேலை கொடுத்தபடி பரவிக்கிடக்கின்றன. அப்படி ஓர் ஆலை மூடினால் அந்த ஊரின் பேக்கரியிலிருந்து பள்ளிக்கூடம் வரை எல்லாமே ஆட்டம் காணும்.

தென் ஜெர்மனியில் இருக்கும் ஆல்ப்ஸ்டாட் அப்படிப்பட்ட ஊர். 1905-ல் அங்கே தொடங்கப்பட்ட 'மேயர் அண்ட் சீ' நிறுவனத்தின் வட்டப் பின்னல் இயந்திரங்கள் திருப்பூர் நிட்டிங் யூனிட்டுகளுக்கு நன்றாகத் தெரிந்தவை. 120 ஆண்டுகள் தாக்குப்பிடித்த அந்த நிறுவனம், 2025-ல் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்து 'டெரோட்' நிறுவனம் அதற்கு முன்பே ஷாங்காயைச் சேர்ந்த சான்டோனியின் கைக்குப் போய்விட்டது.

இதற்கெல்லாம் ஐரோப்பியச் சட்டங்கள் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உலக ஜவுளிச் சந்தையின் மந்தம், உக்ரைன் போருக்குப் பிறகு ஏறிய மின்சாரக் கட்டணம், சீனப் போட்டி எனக் காரணங்கள் பல. ஆனால், ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் முதுகில் மூட்டையை ஏற்றினால் என்ன ஆகும் என்பதே அங்குள்ள தொழில்துறையினரின் கேள்வி.

தையல்காரரும் ரெடிமேட் கடையும்

விதிகள் எல்லோருக்கும் பொதுதானே, இதில் இயந்திரத் தயாரிப்பாளருக்கு மட்டும் என்ன தனிக் கஷ்டம்?

ரெடிமேட் சட்டை கம்பெனி ஒரே அளவில் லட்சம் சட்டை தைக்கும். தையல்காரர் ஒவ்வொரு சட்டையையும் தனித்தனியாக அளவெடுத்துத் தைப்பார். 'ஒவ்வொரு மாடலுக்கும் சோதனைச் சான்றிதழ் வேண்டும்' என்று ஒரு சட்டம் வந்தால், ரெடிமேட் கம்பெனிக்கு ஒரு சட்டைக்குச் சில பைசாக்கள்தான் கூடும். தையல்காரருக்கோ தையல் கூலியைவிட சான்றிதழ் செலவு கூடிவிடும்.

இயந்திரத் தயாரிப்பாளர்களில் பலர் தையல்காரர்கள்தான். வாடிக்கையாளர் கேட்கும் அளவுக்கு, ஒரு மாடலில் ஐந்தோ பத்தோ மட்டும் செய்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாடலுக்கான ஆவணம், சோதனை, மென்பொருள் பாதுகாப்பு என எல்லாவற்றுக்கும் 2 லட்சம் யூரோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 இயந்திரம் விற்பவருக்கு ஒன்றுக்கு 20 யூரோ. 20 இயந்திரம் மட்டுமே விற்பவருக்கு ஒன்றுக்கு 10,000 யூரோ! சட்டம் ஒன்றுதான், ஆனால், சுமை ஒன்றல்ல.

வரிசைகட்டி வரும் சட்டங்கள்

சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பா கொண்டுவந்த சட்டங்களில், இயந்திரங்களைத் தொடும் முக்கியமானவை இவை:

இயந்திர ஒழுங்குமுறைச் சட்டம்: 2006-ல் வந்த பழைய இயந்திர விதிக்கு மாற்றாக 2023-ல் நிறைவேறியது. 2027 ஜனவரி 20 முதல் அமல். தானாகக் கற்றுக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு ஓர் இயந்திரத்தின் பாதுகாப்பு வேலையைக் கவனித்தால், வெளி அமைப்பு ஒன்றிடம் சோதனை செய்து சான்று வாங்குவது கட்டாயம்.

சைபர் பாதுகாப்புச் சட்டம்: மென்பொருளோ இணைய இணைப்போ உள்ள பெரும்பாலான பொருள்களுக்கு இது பொருந்தும். பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்தி யாரேனும் உள்ளே நுழைவது தெரியவந்தால், 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கை கொடுக்க வேண்டும். இந்தக் கடமை 2026 செப்டம்பர் 11 முதலும், முழுச் சட்டமும் 2027 டிசம்பர் 11 முதலும் அமல். மீறினால் அபராதம் 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 2.5 சதவிகிதம், இரண்டில் எது அதிகமோ அது வரை போகலாம்.

தரவுச் சட்டம்: 2025 செப்டம்பர் 12 முதல் அமலில் இருக்கிறது. இணைய இணைப்புள்ள இயந்திரம் ஓடும்போது உருவாகும் தகவல்களை, அதைப் பயன்படுத்துபவர் கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் சட்டம்: 2024 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்து, கட்டம் கட்டமாக அமலாகிறது.

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஒரே இயந்திரத்தின் மீது நான்கும் சேர்ந்து இறங்கும்போதுதான் தலை சுற்றுகிறது. ஒரே ரோபோ கைக்கு இயந்திரச் சட்டப்படி ஓர் ஆபத்து மதிப்பீடு, சைபர் சட்டப்படி இன்னொன்று, செயற்கை நுண்ணறிவுச் சட்டப்படி மற்றொன்று என எழுத வேண்டியிருக்கலாம். பெரிய கம்பெனியில் இதற்கென்று சட்டப் பிரிவு இருக்கும். 80 பேர் வேலை செய்யும் ஆலையில், புது இயந்திரத்தை வடிவமைக்க வேண்டிய என்ஜினீயரே ஃபைல் எழுதுவதற்கும் உட்கார வேண்டும்.

விதியே வேண்டாமா?

'அப்படியானால் எல்லாச் சட்டத்தையும் தூக்கிவிடலாமே' என்று தோன்றலாம். அதுவும் சரியில்லை.

பிரஸ் மெஷினில் விரலை இழந்தவர்களைத் தொழில் நகரங்களில் வாழ்பவர்கள் பார்த்திருப்பார்கள். கதவைத் திறந்தால் இயந்திரம் தானாக நிற்பதும், சிவப்பு நிற அவசர பட்டனும், சுழலும் பாகத்துக்கு மூடி போடுவதும் இப்படிப்பட்ட விதிகளால் கட்டாயம் ஆனவைதான். இணையத்தோடு இணைந்த இயந்திரத்துக்குள் எங்கிருந்தோ ஒருவர் நுழைந்து, அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது இன்றைய காலத்தின் கேள்வி. சைபர் சட்டம் அதற்கான பதில்.

இன்னொரு விஷயமும் உண்டு. பொது விதி வருவதற்கு முன்னால், ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பாதுகாப்பு விதி இருந்தது. ஜெர்மனியில் விற்ற இயந்திரத்தை பிரான்சில் விற்க மறுபடியும் மாற்ற வேண்டும். 1995 முதல் இயந்திரங்களுக்கு 'சி.ஈ.' கட்டாயமான பிறகு, ஒரே முத்திரையோடு ஒன்றியம் முழுவதும் விற்க முடிந்தது. சிறிய ஆலைகள் பெரிய சந்தையைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புதிய இயந்திரச் சட்டத்திலும் நிம்மதி தரும் அம்சம் இருக்கிறது. பயன்பாட்டுக் கையேட்டை இனி டிஜிட்டலாகவே கொடுக்கலாம். இயந்திரத்தை வாங்கும்போது வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் காகிதத்தில் இலவசமாகத் தர வேண்டும். 24 அலுவல் மொழிகள் கொண்ட ஒன்றியத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களை அச்சடித்து அனுப்பியவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

இரும்புக்கு வரி... இயந்திரத்துக்கு?

உண்மையான தலைவலி வர்த்தகக் கொள்கையில் இருக்கிறது. இயந்திரத்தின் உடம்பே இரும்புதான். அந்த இரும்பின் விலையை ஐரோப்பாவின் கொள்கைகளே உயர்த்துகின்றன.

முதலாவது, எல்லைக் கார்பன் வரி. 'சிபாம்' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். ஐரோப்பாவுக்குள் உருக்கு தயாரிப்பவர்கள், தாங்கள் வெளியேற்றும் கரியமில வாயுவுக்குக் கட்டணம் கட்டும் திட்டம் 2005 முதல் இருக்கிறது. அப்படிக் கட்டாத நாடுகளிலிருந்து மலிவாக உருக்கு வந்தால் உள்ளூர் ஆலை தாங்காது என்பதால், இறக்குமதிக்கும் அதே கட்டணத்தை விதிக்கிறது சிபாம். 2023 அக்டோபரில் கணக்குக் காட்டும் கட்டம் தொடங்கியது. 2026 ஜனவரி 1 முதல் பணம் கட்டும் கடமை வந்துவிட்டது. உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவை பட்டியலில் இருக்கின்றன. போல்ட், நட், ஸ்குருவும் உண்டு!

சிக்கல் எங்கே என்று பார்ப்போம். 10 டன் உருக்கு செலவாகும் ஒரு பெரிய பிரஸ் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நிலக்கரி எரிக்கும் ஊதுலையில் ஒரு டன் உருக்கு செய்தால், தோராயமாக 2 டன் கரியமில வாயு வெளியேறும். ஆக, 20 டன். ஒரு டன்னுக்கு 70 யூரோ என்று வைத்தால் 1,400 யூரோ. இப்போதைக்கு இதில் சிறு பங்குதான் வசூலாகும். உள்ளூர் ஆலைகளுக்குத் தரப்படும் இலவச ஒதுக்கீடு குறையக் குறைய இந்தப் பங்கு கூடி, 2034-ல் முழுத் தொகையாகிவிடும்.

அந்த 10 டன் உருக்கு ஐரோப்பாவுக்குள் உருக்காக வந்தால் இந்தக் கட்டணம் உண்டு. அதே உருக்கு சீனாவிலேயே பிரஸ் இயந்திரமாகச் செய்யப்பட்டு வந்தால் இல்லை! அதாவது, ஐரோப்பாவில் வேலை கொடுத்து இயந்திரம் செய்பவருக்குச் சுமை. வெளியே செய்து கொண்டுவருபவருக்குச் சலுகை. இந்த ஓட்டையை அடைக்க, உருக்கும் அலுமினியமும் அதிகம் செலவாகும் சுமார் 180 பொருள்களையும் சேர்க்கலாம் என்று 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் ஒரு திட்டத்தை முன்வைத்தது. அதில் சில வகை இயந்திரங்களும் அடக்கம். அது நடந்தால் உள்நாட்டுச் சந்தையில் ஓட்டை அடைபடலாம். ஆனால், ஜெர்மன் ஆலை ஒன்று பிரேசிலுக்கோ இந்தியாவுக்கோ விற்கும்போது, ஏறிய உருக்கு விலையோடுதான் போட்டியில் நிற்க வேண்டும்.

இரண்டாவது, இறக்குமதி உருக்கின் மீதான பாதுகாப்பு வரி. 2026 ஜூனில் காலாவதியாகும் பழைய ஏற்பாட்டுக்கு மாற்றாக, ஆணையம் 2025 அக்டோபரில் ஒரு திட்டத்தை அறிவித்தது. வரியில்லாமல் வரக்கூடிய உருக்கின் அளவை ஆண்டுக்கு 1.83 கோடி டன்னாகக் குறைப்பது, அதற்கு மேல் வரும் உருக்குக்கு வரியை 25 சதவிகிதத்திலிருந்து 50 சதவிகிதமாக்குவது என்பதே அதன் சாரம். உருக்காலைத் தொழிலாளிக்கு இது பாதுகாப்பு. அதே உருக்கை வாங்கும் இயந்திர ஆலைத் தொழிலாளிக்கு இது பாரம். ஒரே கண்டத்தில் ஒருவருக்குப் போடும் குடை, இன்னொருவர் தலையில் தண்ணீரை வடிக்கிறது.

போதாக்குறைக்கு அமெரிக்கா. 2025 ஜூலை 27-ல் ஸ்காட்லாந்தில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, பெரும்பாலான ஐரோப்பியப் பொருள்களுக்கு 15 சதவிகித வரி என்று முடிவானது. ஆனால், உருக்கு, அலுமினியத்துக்கு அமெரிக்கா 50 சதவிகிதம் விதித்தது. அடுத்த மாதமே உருக்கும் அலுமினியமும் கலந்த 407 பொருள் வகைகளை அந்தப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பல வகை இயந்திரங்களும் இருந்தன. இயந்திரத்தில் உள்ள உலோகத்தின் மதிப்புக்கு 50, மற்றதற்கு 15 என்று பிரித்துக் கணக்குக் காட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட ஓர் இயந்திரத்தில், ஒவ்வொரு பாகத்தின் உலோக மதிப்பையும் யார் எழுதிக்கொண்டிருப்பது?

சுவிட்சர்லாந்தின் பயம்

ஒரே கையெழுத்து எவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தும் என்பதற்கு சுவிட்சர்லாந்து சாட்சி. கோவை நூற்பாலைகளுக்கு அறிமுகமான ரீட்டர் நிறுவனம் அந்நாட்டின் விண்டர்தூர் நகரைச் சேர்ந்தது. 1962-ல் கோவையில் லக்ஷ்மி மெஷின் வொர்க்ஸ் தொடங்கப்பட்டபோது தொழில்நுட்பம் கொடுத்தது ரீட்டர்தான்.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர் அல்ல. ஆனால், 'உங்கள் சான்றை நாங்கள் ஏற்கிறோம், எங்கள் சான்றை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்' என்ற பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது. 2021 மே மாதம் மருத்துவக் கருவிகளுக்கான ஐரோப்பியச் சட்டம் மாறியபோது, அரசியல் பிணக்கால் அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஒரே நாளில் சுவிஸ் மருத்துவக் கருவித் தயாரிப்பாளர்கள் ஒன்றியத்தின் கண்ணில் வெளிநாட்டவர் ஆனார்கள். ஒன்றியத்துக்குள் பிரதிநிதி நியமிக்க வேண்டும், லேபிள் மாற்ற வேண்டும் எனச் செலவுகள் வரிசைகட்டின. 2027 ஜனவரியில் இயந்திரச் சட்டம் மாறும்போது தங்களுக்கும் இதே கதி வருமோ என்பது சுவிஸ் இயந்திரத் துறையின் கவலை.

டிராகன் நுழையும் வழி

2020-ல் உலக இயந்திர ஏற்றுமதியில் ஜெர்மனியைச் சீனா முந்தியது. அதற்கு முன்பே ஜெர்மனியின் பிரபல நிறுவனங்கள் சீனர்கள் கைக்குப் போகத் தொடங்கிவிட்டன. கான்கிரீட் பம்ப் செய்யும் புட்ஸ்மெய்ஸ்டரை 2012-ல் சானி வாங்கியது. ஆக்ஸ்பர்க் நகரின் ரோபோ நிறுவனமான கூகாவை வாங்கும் முயற்சியை 2016-ல் மிடியா தொடங்கி, முடித்தும் காட்டியது. அதன் பிறகுதான் வெளிநாட்டு முதலீட்டைப் பரிசீலிக்கும் பொது ஏற்பாட்டை ஒன்றியம் உருவாக்கியது. 2025 ஜனவரியில், உயரத்தில் நின்று வேலை செய்ய உதவும் சீனத் தூக்கு மேடைகளுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் விதித்தது.

ஆனால், வரியைவிட எளிய ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. 'சி.ஈ.' முத்திரையைப் பெரும்பாலான இயந்திரங்களுக்குத் தயாரிப்பாளரே ஒட்டிக்கொள்ளலாம். விதிப்படி செய்யாமலேயே ஒட்டி அனுப்புபவரைத் துறைமுகத்திலும் சந்தையிலும் பிடிக்க வேண்டியது உறுப்பு நாடுகளின் அதிகாரிகள். அந்தச் சோதனை பலவீனமாக இருந்தால், சட்டத்தை மதிப்பவருக்குச் செலவு, மதிக்காதவருக்கு லாபம். புதுச் சட்டம் எழுதுவதைவிட, இருக்கும் சட்டத்தை எல்லோருக்கும் ஒன்றாக அமல்படுத்துங்கள் என்ற தொழில்துறையின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது.

பிரேக் போடும் பிரஸ்ஸல்ஸ்

2024 செப்டம்பரில், ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மரியோ டிராகி, ஐரோப்பாவின் போட்டித்திறன் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். விதிகளின் சுமை ஐரோப்பாவைப் பின்னுக்கு இழுக்கிறது என்ற எச்சரிக்கை அதில் பலமாக ஒலித்தது.

அதன் பிறகு ஆணையம் தன் வேகத்தைக் குறைத்தது. 2025 பிப்ரவரி 26-ல் 'ஆம்னிபஸ்' என்ற பெயரில் விதித் தளர்வுத் திட்டத்தை அறிவித்தது. சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன் குறித்த விரிவான ஆண்டறிக்கையை 1,000 ஊழியர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் மட்டும் கொடுத்தால் போதும் என்பது அதில் முக்கியமானது. சிபாமிலும் ஆண்டுக்கு 50 டன் வரை இறக்குமதி செய்பவர்களுக்கு விலக்கு கிடைத்தது. இதனால் இறக்குமதியாளர்களில் சுமார் 90 சதவிகிதம் பேர் தப்பித்தாலும், வாயு வெளியேற்றத்தில் சுமார் 99 சதவிகிதம் கணக்குக்குள் இருக்கும் என்கிறது ஆணையம்.

இதிலும் ஒரு வருத்தம் உண்டு. சொன்ன தேதிக்கு ஒழுங்காகத் தயாராகி, ஆள் போட்டு, மென்பொருள் வாங்கிச் செலவழித்தவர்களுக்கு அந்தப் பணம் திரும்ப வரப்போவதில்லை. கடைசி நேரம் வரை காத்திருந்தவரே புத்திசாலி ஆகிவிடுகிறார். அடிக்கடி மாறும் விதி, கடுமையான விதியைவிட மோசம்.

நமக்கு என்ன?

முதலில் நல்ல செய்தி. 2007-ல் தொடங்கி, 2013-ல் நின்று, 2022-ல் மீண்டும் உயிர்பெற்ற இந்தியா-ஐரோப்பிய ஒன்றிய வர்த்தக ஒப்பந்தப் பேச்சு, 2026 ஜனவரி 27-ல் டெல்லியில் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. இயந்திரங்கள் மீது இந்தியா விதிக்கும் 44 சதவிகிதம் வரையான வரிகளில் பெரும்பகுதி இதனால் நீங்கும் என்கிறது ஐரோப்பிய ஆணையம். ஒப்பந்தம் அமலுக்கு வந்தால் திருப்பூர் யூனிட்டுகளுக்கு ஐரோப்பிய இயந்திரம் மலிவாகலாம். அதேசமயம், இங்கே இயந்திரம் செய்பவர்களுக்குப் போட்டி கூடும்.

அடுத்து, கோவை. ஐரோப்பாவுக்குப் போகும் தண்ணீர் பம்புகளுக்கு 2013 முதலே குறைந்தபட்ச ஆற்றல் திறன் விதி இருக்கிறது. மோட்டார்களுக்கும் தனி விதி உண்டு. அங்கே ஏற்றுமதி செய்பவர்கள் அதற்கேற்ப வடிவமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. இனி வருவது அடுத்த கட்டம். போல்ட், ஸ்குரு அனுப்புபவரிடம் ஐரோப்பிய வாடிக்கையாளர் விலையோடு சேர்த்து, 'இதைச் செய்ய எவ்வளவு கரியமில வாயு வெளியேறியது?' என்றும் கேட்பார். கணக்கு இல்லையென்றால், ஆணையமே ஓர் உத்தேச அளவை வைத்துக் கட்டணத்தைக் கணக்கிடும். அது பெரும்பாலும் உண்மையான அளவைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அங்கே ஏற்றுமதி செய்யும் சிறு தொழில்முனைவோர் இப்போதே செய்யக்கூடியவை மூன்று. மின்சாரம், எரிபொருள், வாங்கும் உருக்கு ஆகியவற்றின் கணக்கை மாதாமாதம் எழுதிவைப்பது. உருக்கு விற்பவரிடம் கார்பன் விவரத்தைக் கேட்டு வாங்குவது. இயந்திரத்தில் இணைய இணைப்போ மென்பொருளோ இருந்தால், அதை எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் செய்ய முடியும் என்று முடிவு செய்வது. சைபர் சட்டம் பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு ஆதரவை எதிர்பார்க்கிறது.

இந்தியாவும் இதே பாதையில் நடந்து பார்த்தது. பம்ப், கம்ப்ரஸர், கிரேன் உள்ளிட்ட இயந்திரங்களுக்குக் கட்டாயப் பாதுகாப்புச் சான்று கேட்கும் ஆணையை மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் 2024 ஆகஸ்டில் பிறப்பித்தது. ஓராண்டில் அமலாக வேண்டியது, தள்ளிவைக்கப்பட்டது. இறக்குமதி இயந்திரங்களை நம்பியிருக்கும் இங்குள்ள ஆலைகளும், அவற்றை விற்கும் ஐரோப்பியர்களும் ஒருசேரக் கவலைப்பட்டார்கள். விதி போடுகிற இடத்தில் இருக்கும்போது நியாயமாகத் தெரிவது, விதிக்கு உட்படுகிற இடத்தில் நிற்கும்போது சுமையாகத் தெரிகிறது.

தொழிலாளியின் விரலும் முக்கியம், அவருடைய வேலையும் முக்கியம். முதலாவதைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும். இரண்டாவதைக் காப்பாற்ற, அந்தச் சட்டத்தை 20 இயந்திரம் செய்யும் ஆலையாலும் பின்பற்ற முடிய வேண்டும். 2027 ஜனவரி 20-க்குள் ஐரோப்பா இந்த இரண்டையும் எப்படிச் சேர்க்கப்போகிறது என்பதை ஆல்ப்ஸ்டாட் போன்ற ஊர்கள் மட்டுமல்ல, அவற்றின் இயந்திரங்களை ஓட்டும் திருப்பூரும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.